விழுந்துருச்சு என்று சொல்லாதவர்

சீடருக்குக் குருவைவிட இருபது வயது கூடுதல். முதல் தொல்லையே அதுதான்.

குருவின் பெயர் தாட்சாயணி. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பேக்கரியின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, கடைக்காரர்களுக்கு வெப்சைட் நடத்தச் சொல்லிக்கொடுத்துவந்தாள். ஜனங்கள் கூகுளில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்களோ, அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து நம் பக்கத்தில் வைக்க வேண்டும். வித்தை இவ்வளவுதான். மளிகைக்காரருக்கு ஒரே நாளில் புரிந்தது. தையல்கார அக்காவுக்கு அதற்கும் முன்னால் புரிந்தது. சீடர் சென்னியப்பன் மட்டும் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போய், மறுவாரம் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.

போர்வெல்லுக்குள் போய்விட்ட மோட்டாரை மேலே எடுப்பது அவர் தொழில். ஒரு சாண் அகலத் துளை. கயிறும் குழாயும் அறுந்தால் மோட்டார் பாதாளத்துக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அதைத் தன் வண்டியிலிருந்து கொக்கி இறக்கித் தடவிப் பிடிப்பதில் அவர் கில்லாடி. கைராசிக்காரர் என்று பெயர். பெயர் இருந்து என்ன? போன் வரவில்லை.

“நல்ல கீவேர்டாச் சொல்லுங்க டீச்சர்,” என்றார் அன்றைக்கும். “வெயில் காலம் வந்துருச்சு. இந்த வருசமும் ஓட்டம் இல்லீன்னா வண்டியைக் குடுத்துற வேண்டியதுதான். வேற தொழில் எனக்குத் தெரியாதுங்க.”

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கை மட்டும் சும்மா இல்லை. வண்டிச் சாவியை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது. மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துவிட்டதால் அந்த ஒன்றை அவர் கையிலிருந்து கீழே வைப்பதே இல்லை.

“போன வாரம் சொன்னதை வெச்சீங்களாண்ணா?”

“வெச்சனுங்க. கொஞ்சம் மாத்தி.”

தாட்சாயணி அவசரமாகப் போனை எடுத்தாள். பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ‘கங்கையை மேலெழச் செய்யும் சேவை’ என்று இருந்தது. அதற்கு முந்தின வாரம் ‘ஆழ்நீர் மங்கலம்’.

“இதை யாருங்ண்ணா தேடுவாங்க?”

“ஒருத்தர் கூப்புட்டாருங்களே.”

“என்ன கேட்டாரு?”

சென்னியப்பன் சாவியைப் பார்த்துக்கொண்டார். “கங்கா ஜலம் சொம்பு என்ன வெலைன்னு.”

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது.

“போர்ல மோட்டார் விழுந்துருச்சு. இதைத்தானுங்ண்ணா வெக்கச் சொன்னேன். எத்தனை வாட்டி சொல்றது?”

சென்னியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “ஐயோ, அதைச் சொல்லாதீங்க டீச்சர்!”

அந்தச் சொல் அவர் குடும்பத்தில் ஆகாது. எந்த போர்வெல்லில் போனாலும், மோட்டார் ‘எறங்கிருச்சு’ என்பார்கள்; ‘உக்காந்துருச்சு’ என்பார்கள். அந்த இன்னொரு சொல் வாயில் வந்துவிட்டால், பிடித்த மோட்டாரும் கொக்கியிலிருந்து நழுவிவிடும் என்பது அவருடைய அப்பா போட்ட சட்டம். வாய் தவறிச் சொன்ன வேலைக்காரரை அப்பா அந்த இடத்திலேயே கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்கிறார்.

“எங்கய்யன் காலத்துல இருந்து எங்க வாய்ல வந்ததில்லீங்க. அதைக் கொண்டுபோய் நானே பெருசா எழுதி வெச்சா தொழில் வெளங்குமா?”

“இப்ப ரொம்ப வெளங்குதாக்கும்!”

சொன்ன பிறகு தாட்சாயணிக்கே சுருக்கென்றது. சென்னியப்பன் சாவியை இன்னும் வேகமாகத் தட்டினார். பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார்.

அவருடைய ஷெட்டுக்கு அடுத்த தோட்டம். தென்னந்தோப்பு. அங்கே மோட்டார் போர்வெல்லுக்குள் போய்விட்டது. தோட்டம் வாங்கியிருந்தவர் ஊருக்குப் புதுசு. பதறிப்போய் போனில் தேடி, எங்கோ நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வண்டியை வரவழைத்துவிட்டார். அந்த வண்டி வழி தெரியாமல் வந்து நின்றது சென்னியப்பனின் ஷெட் வாசலில்.

“தோட்டத்துக்கு எப்படிப் போறதுன்னு என்கிட்டயே கேட்டாங்க டீச்சர்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“கூடவே போய் வழி காட்டி உட்டுட்டு வந்தனுங்க. பாவம், தண்ணியில்லாம மரம் காயுதில்லீங்களா?”

இப்படிப்பட்ட மனுசனை என்னதான் செய்வது? திட்டவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. தாட்சாயணி எழுந்து கீழே பேக்கரிக்குப் போனாள். எதற்கென்று சொல்லவில்லை. திரும்பி வந்தபோது முகத்தில் இருந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது.

“சாவியைக் குடுங்கண்ணா.”

“எதுக்குங்க?”

“தட்டித் தட்டித் தலைவலி வந்துருச்சு. குடுங்க.”

கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு மாடியின் மூலைக்கு நடந்தாள். மழைத்தண்ணீர் கீழே போவதற்கு அங்கே ஒரு குழாய் வாய் திறந்திருந்தது. சென்னியப்பனும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனார்.

தாட்சாயணி இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டாள். வலது கையைக் குழாய்க்கு மேலே நீட்டி, சாவியை விட்டாள்.

கடகடவென்று சத்தம் உள்ளே போயிற்று. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“ஐயையோ! சாவி விழுந்துருச்சு!” சென்னியப்பன் மண்டியிட்டுக் குழாய்க்குள் கையை விட்டார். முழங்கைக்குமேல் போகவில்லை. “குழாய்க்குள்ள சாவி விழுந்துருச்சே! இனி எப்படி எடுக்கறது? ஏனுங்க டீச்சர், உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்குது?”

ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். எதிர்க்கடைக்காரர் ஒருவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்.

தாட்சாயணி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பேசினால் தானாக எழுதிக்கொள்ளும்படி கூகுளைத் திறந்து வைத்திருந்தாள். தேடும் இடத்தில் அவர் கத்தியதில் ஒரு துண்டு அப்படியே எழுத்தாகி நின்றது.

குழாய்க்குள்ள சாவி விழுந்துருச்சே இனி எப்படி எடுக்கறது.

அதற்குக் கீழே, திரையில், எடுத்துக்கொடுக்கிற ஆட்கள் வரிசையாக வந்திருந்தார்கள். ஒருவர் காந்தத்தில் நூல் கட்டி இறக்கிக் காட்டினார். இன்னொருவர் குழாயைக் கழற்ற வருவதாகப் போன் நம்பர் கொடுத்திருந்தார். சென்னியப்பனின் விரல் தன்னையறியாமல் அந்த நம்பரை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

“சாவி கீழ வாளிக்குள்ள பத்திரமா இருக்குதுங்ண்ணா,” என்றாள். “இப்பத்தான் குழாய்க்கு அடியில வாளியை வெச்சுட்டு வந்தேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே போனைத் திரும்பத் திரும்பப் படித்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“இதை நானா சொன்னேன்?”

“நீங்கதான்.”

“எத்தனை மோட்டார் எடுத்திருப்பேன் டீச்சர். ஒருக்காகூட இந்த வார்த்தை என் வாய்ல வந்ததில்லீங்களே.”

“அதெல்லாம் அடுத்தவங்க மோட்டாருங்ண்ணா,” என்றாள் தாட்சாயணி.