ராஜா தோண்டாத ஊற்று

ஒரு காட்டில், தண்ணீர் கேட்ட குற்றத்துக்காக ஒரு தாய்க் காட்டுப்பன்றியை இழுத்துவந்து யானை ராஜாவின் முன் நிறுத்தினார்கள். தண்ணீர் கேட்பது ஒரு குற்றமா, சொல்லுங்கள் பிள்ளைகளே! அந்தக் காட்டில் அப்படித்தான்.

"ராஜா, ஆறு வறண்டுபோச்சு. என் குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்குது. கோடை வந்தால் யானைகள்தானே மணலைத் தோண்டி எல்லாருக்கும் ஊற்று எடுத்துத் தரும்?" என்றது பன்றி.

மந்திரி மயில் குறுக்கே பாய்ந்தது. "அதெல்லாம் அந்தக் காலம்! ஏழு மலையை ஆளும் தும்பிக்கையில் மண் ஒட்டலாமா? ராஜா ஊர்வலம் வரும்போது கரையில் நின்று வணங்கு, போ!"

பன்றிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பாட்டனைக் காடே வணங்கிச்சே, எதுக்கு? தந்தத்துக்கா? ஊற்றுக்கு!"

"என் தந்தத்தைப் பார்த்தால் புலியே நடுங்கும்," என்றது ராஜா.

"புலி நடுங்கும். தாகம் நடுங்குமா?"

சபையில் ஒரு குரங்கு களுக்கென்று சிரித்துவிட்டது. ராஜாவுக்கு ரோஷம் பொங்கியது. "தண்ணீர்தானே வேண்டும்? பக்கத்துக் காட்டைப் பிடியுங்கள்!" என்று காட்டெருமைப் படையை அனுப்பியது.

படை போனது. அங்கே குளம் நிறையத் தண்ணீர். வயிறு முட்டக் குடித்தது. திரும்பி வர அதற்கென்ன பைத்தியமா? அங்கேயே தங்கிவிட்டது. சேதி கேட்டு மான்கள் போயின, குரங்குகள் போயின. கடைசியில், "நிலைமையைப் பார்த்துவிட்டு வருகிறேன், ராஜா," என்று மயிலும் பறந்தது.

பன்றி மட்டும் போகவில்லை. குட்டிகளுக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. ஆற்று நடுவில் மூக்கால் கிளறிக் கிளறிப் பார்த்தது. ஈரம் தட்டுப்பட்டது. அதற்குள் மணல் சரிந்து மூடியது.

அப்போது ராஜா வந்தது. தன்னந்தனியாக, ஊர்வலம்!

"இங்கே பாருங்க ராஜா, ஈரம்! இன்னும் ஒரு முழம்தான். உங்க தும்பிக்கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தோண்டுங்க. நீங்களும் குடிக்கலாம். போனவங்களும் திரும்பி வருவாங்க."

ராஜாவுக்கும் தாகம்தான். ஆனாலும், "முதலில் வணங்கு," என்றது.

பன்றி வணங்கியது, குட்டிகளுக்காக.

ராஜாவுக்கு அது போதும். தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. அந்த ஈரத்தையே மிதித்துக்கொண்டு மேலே நடந்தது.

இனி வேறு வழியில்லை. பன்றி குட்டிகளை முட்டி முட்டி எழுப்பியது. அவை தள்ளாடித் தள்ளாடிப் பக்கத்துக் காட்டை நோக்கி நடந்தன. ஆளில்லாத ஆற்றில் யானை மட்டும் ஊர்வலம் போய்க்கொண்டே இருந்தது. தோண்டு என்று பன்றி சொன்னது. அது தோண்டவே இல்லை.

நீதி: எதற்காக வணங்குகிறார்கள் என்பதை மறந்த அரசு, எதிரி வராமலேயே அழியும்.