எண்ணெய் தேய்த்துக் குளித்த சுவர்

முன்னொரு காலத்தில், கண்ணாடி அருமையாகவும் முகஸ்துதி மலிவாகவும் கிடைத்த ஒரு நாட்டை அதிரூபவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அவனுடைய கண்கள் நல்ல கறுப்பு. அந்த நாட்டில் மாடு மேய்ப்பவனுக்கும் அதே கறுப்புதான். ஆனால் அவனைப் பாட ஆள் இல்லை. ராஜாவின் கண்ணைப் பாட மட்டும் பதினொரு புலவர்கள் அரண்மனையில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராணி மரகதவல்லி கருவுற்றதும் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் படத்தை முன்கூட்டியே வரையச் சொன்னான். கரிய விழி, கரிய சுருட்டை முடி. "என் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?" என்றான். படத்தைச் சபையில் மாட்டினார்கள். புலவர்கள் அதையும் பாடித் தீர்த்தார்கள். பிள்ளையைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளை பிறந்தான். நாற்பதாம் நாள்தான் தகப்பன் முகம் பார்க்கலாம் என்பது அந்த அரண்மனை வழக்கம். அன்று தொட்டிலை எட்டிப் பார்த்த ராஜாவை இரண்டு தேன் நிறக் கண்கள் திரும்பிப் பார்த்தன. தலையில் செம்பட்டை முடி. ராஜா படத்தைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். தப்பு படத்தில் இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் மந்திரி நின்றிருந்தார். அவர் பெயர் ஆபத்சகாயம். பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அவருடைய சகாயமும் இருக்கும். "நான் ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு கிண்ணங்களில் கறுப்பு மை கொண்டுவரச் செய்து, ஒன்றை எடுத்து மற்றொன்றில் ஊற்றினார். "மகாராஜாவுக்கும் கறுப்புக் கண், மகாராணிக்கும் கறுப்புக் கண். கறுப்பும் கறுப்பும் கலந்தால் தேன் நிறம் வருமா? பிரபுவே பார்த்துக்கொள்ளட்டும்."

ராணிக்கு முகம் சிவந்தது. "என் தம்பிக்கு இதே கண், இதே முடிதானே! கல்யாணப் பந்தலிலேயே 'பூனைக்கண் மச்சான்' என்று கேலி செய்தவர் தாங்கள்தானே!"

"அது மகாராணியின் பிறந்த வீட்டுச் சமாசாரம்" என்றார் மந்திரி, மிகவும் பணிவாக. "மகாராஜாவின் வம்சத்தில் யாருக்கு அந்த நிறம் இருந்தது? சித்திர மண்டபத்துச் சுவரில் ஏழு தலைமுறை நிற்கிறது. எல்லாருக்கும் கறுப்புக் கண். அப்படியானால் இது வெளியிலிருந்து வந்த சரக்கு."

ராணி ராஜாவைப் பார்த்தாள். 'வாயை மூடும்' என்று மந்திரியிடம் அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவனோ மைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு நாளில் இந்த நிறத்தை என் அரண்மனைக்குள் கொண்டுவந்த திருடன் என் முன் நிற்க வேண்டும்" என்றான் ராஜா. "இல்லையென்றால் ராணியும் பிள்ளையும் மூடுபல்லக்கில் அவள் தகப்பன் வீட்டுக்குப் போகட்டும்."

"நம் விகடன் உத்தண்டி இருக்கும்போது கவலை எதற்கு?" என்றார் மந்திரி. "அவரே பிடித்துக் கொடுக்கட்டும். முடியாவிட்டால் அந்தப் பல்லக்கின் பின்னாலேயே நடந்து நாட்டை விட்டுப் போகட்டும்." மந்திரிக்கு உத்தண்டி மேல் பழைய வயிற்றெரிச்சல். மந்திரி சிரிப்புக் கதை சொன்னால் ராஜா கொட்டாவி விடுவான். உத்தண்டி சும்மா நின்றாலே சிரிப்பான்.

உத்தண்டி கைகூப்பினான். "உத்தரவு, மகாராஜா. ஓர் ஓலை மட்டும் வேண்டும். கொண்டுவந்தவன் யாராக இருந்தாலும் விலங்கு மாட்டலாம், ஒளித்து வைத்தவனுக்கும் அதே விலங்கு என்று எழுதித் தந்தால் போதும்."

ஓலையை மந்திரியே ஆசையாக எழுதினார். 'எப்பேர்ப்பட்ட பதவியில் இருந்தாலும்' என்று தம் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

உத்தண்டி திருடனைத் தேடி எங்கும் போகவில்லை. சித்திர மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். ஏழு நாளும் அங்கேயேதான் இருந்தான். காவல்காரர்கள் சிரித்தார்கள். சுவரில் ஏழு தலைமுறை ராஜாக்களும் ராணிகளும் புடவை வெளுத்து, கிரீடம் மங்கி, மூக்கு உதிர்ந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் அதிசயம். ராஜாவின் பாட்டனாரைப் பெற்ற செங்கமலவல்லி ராணி. அவளுக்கும் புடவை வெளுத்துத்தான் இருந்தது. கண்ணும் கூந்தலும் மட்டும் நேற்று வரைந்ததுபோல் கன்னங்கரேலென்று பளபளத்தன.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆண்டுதோறும் நவராத்திரி முதல் நாள் அந்தச் சித்திரத்துக்கு மை சாத்துவார்கள். அது மந்திரி வீட்டாருக்குப் பரம்பரை உரிமை. தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டிக்கொண்டு மேளதாளத்தோடு வந்து, எண்ணெயில் குழைத்த விளக்குக் கரியைக் கண்ணிலும் கூந்தலிலும் பூசுவார்கள். முதலில் பூசியது மந்திரியின் முப்பாட்டனார். அந்த ராணிக்கு மட்டும் ஏன் என்று உத்தண்டி கேட்டதற்கு, "வழக்கம்" என்றார்கள். எதற்காக ஏற்பட்ட வழக்கம் என்றால், "வழக்கமென்றால் வழக்கம்தான்" என்றார்கள்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. வாசலில் மூடுபல்லக்கு தயாராக நின்றது. ராணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நகையும் இல்லாமல் வந்தாள். சபை முழுவதையும் உத்தண்டி சித்திர மண்டபத்துக்கு வரச்சொல்லியிருந்தான். அங்கே நல்லெண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், வெந்நீர் அண்டா, பக்கத்தில் சேலையை வரிந்து கட்டிய பணிப்பெண் சொக்கி.

"இதென்ன கூத்து?" என்று மந்திரி சீறினார்.

"தங்கள் வீட்டார் எண்பது வருஷமாகச் செங்கமலவல்லி அம்மையாருக்கு மை பூசியே வந்திருக்கிறீர்கள். ஒரு வெள்ளிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினீர்களா? ராஜ வீட்டுப் பெண்ணை இப்படியா வைத்திருப்பது? மகாராஜா, உத்தரவு கொடுங்கள்."

ராஜாவுக்கு அந்த எட்டு நாளில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "குளிப்பாட்டு" என்றான்.

"செவுத்துக்குத் தல முழுக்காட்டுறது எனக்கு இதான் சாமி மொத தடவ" என்று சொல்லிக்கொண்டே சொக்கி எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரை ஊற்றினாள். கரிய நீர் சுவரில் வழிந்து மந்திரியின் பாதக்குறடுவரை ஓடியது. முதலில் கூந்தல் வெளுத்தது. செம்பட்டை. சொக்கி கண்ணைத் துடைத்தாள். "ஆத்தாடி!" என்று கையை எடுத்துவிட்டாள். தேன் நிறக் கண்கள் இரண்டு சபையைப் பார்த்தன. ராணியின் தோளிலிருந்து அதே கண்கள் இரண்டு சுவரைப் பார்த்தன.

உத்தண்டி போய் ராஜாவின் கைகளில் விலங்கைப் பூட்டினான்.

"திருடன் பிடிபட்டான், மகாராஜா. அம்மையார் மகனிடம் கொடுத்தார், அவர் தம் மகனிடம், அவர் தங்களிடம். தாங்கள் பொத்தினாற்போல் வைத்திருந்து பிள்ளையிடம் சேர்த்துவிட்டீர்கள். மந்திரி ஊற்றிக் காட்டினாரே, மனிதன் மைக் கிண்ணம் அல்ல. அப்பன் தந்த நிறம் ஒன்று, அம்மா தந்த நிறம் ஒன்று என்று இரண்டும் நமக்குள் கலக்காமல் இருக்கும். கறுப்பு முந்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். தேன் நிறம் உள்ளறையில் சத்தம் போடாமல் இருக்கும். தங்களிடமும் இருந்தது, மகாராணியிடமும் இருந்தது. இருவரும் உள்ளறையில் இருந்ததையே பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்."

"அப்படியானால் ராணிக்கும் விலங்கு உண்டே!" என்றார் மந்திரி அவசரமாக.

"அம்மா சரக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னவருக்கு எதற்கு விலங்கு? ஒளித்து வைத்தவர்தான் பாக்கி. இந்தத் தேசத்தில் பரிவட்டம் கட்டிக்கொண்டு, மேளம் கொட்டி, வருஷா வருஷம் ஒளித்த ஒரே ஆள் தாங்கள்தான்." இரண்டாவது விலங்கு மந்திரியின் கையில் விழுந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "சபாஷ், உத்தண்டி! இந்த முத்துமாலை உனக்குத்தான்!" என்று கழற்றப் போனான். கை வரவில்லை. உத்தண்டி அவனுக்குச் சிரமம் கொடுக்காமல் தானே கழற்றிப் போட்டுக்கொண்டான்.

"சரி, சாவி எங்கே?"

"மகாராணியிடம். பழி சுமந்தவர் அவர்தானே."

ராஜாவின் சிரிப்பு நின்றது. ராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு நாள், மகாராஜா. நான் எண்ணியதைத் தாங்களும் எண்ணிப் பாருங்கள்" என்றாள். பல்லக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப்புரத்துக்கு நடந்தாள்.

மந்திரிக்குப் பரம்பரை உரிமை போகவில்லை. மை சாத்துவதற்குப் பதிலாக வெள்ளிதோறும் சுவருக்குச் சீயக்காய் தேய்ப்பது என்று மாறியது. புலவர்கள் அன்று மாலையே பாட்டில் 'கரு' வந்த இடமெல்லாம் 'தேன்' என்று திருத்தினார்கள். ஓசை இடித்தது, அதைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

ராஜா எட்டு நாளும் விலங்குக் கையாலேயே தொட்டில் ஆட்டினான். பிள்ளை சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்க்கும். அவனும் பார்ப்பான். எட்டாம் நாள் ராணி சாவியோடு வந்தபோது, "சற்றுப் பொறு, இவன் இப்போதுதான் கண் அசந்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.