இருளப்பனைக் கூப்பிட்ட குரல்

படுத்துக்கோ நிவி. விருந்து சாப்பிட்டவங்கல்லாம் பஸ் ஏறியாச்சு. வெளிய உச்சி வெயில் கொதிக்குது. ஒரு கதை சொல்லுதேன், கேட்டுக்கிட்டே தூங்கிரு. கடைசியில ஒரு சிரிப்பு வரும் பாரு, வயித்தைப் பிடிச்சுக்குவ.

– இப்பவே சொல்லுக்கா.

மாட்டேன். முதல்ல பயப்படணும். சிரிப்பு கடைசியிலதான்.

– அப்போ மைக்செட்டு மாமா மாதிரி பேசு.

"அலோ… அலோ… ஒன்னு, ரெண்டு, மூணு… பச்சை டவுசர் போட்ட சிறுவன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." போதுமா? ஏட்டி, மெதுவாச் சிரி! அந்தா பெரியம்மா படுத்திருக்காங்க பாரு, சுவத்தைப் பாத்து, தலையோட போர்வையை மூடிக்கிட்டு. பெரியப்பா போய் இன்னையோட பதினாறு நாள். அன்னைக்கு மூடுன வாயை இன்னும் தொறக்கல. சோறும் ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. 'இப்படியே கெடந்தா எங்க அக்காவும் நமக்கு இல்ல கௌசி'ன்னு நம்ம அம்மா இப்பத்தான் அடுப்பங்கரையில அழுதாங்க. அதனாலதான் கதையை இங்க வந்து சொல்லுதேன். அவங்க காதுலயும் விழட்டும்.

ஆனா நீ ம் கொட்டணும். பெரியப்பா என்ன சொல்லுவாரு? "ஏ கௌசி, ம் கொட்ட ஆளில்லாமக் கதை சொல்லாத தாயி. சொன்னேன்னா, வேற யாராச்சும் வந்து ம் கொட்டுவாங்க."

– யாரு வருவா?

அதை மட்டும் அவரு சொன்னதே இல்ல. கொட்டுவியா?

– ம்.

ஒரு ஊர்ல வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரி. ஊரு எதுன்னா இதே ஊருதான். சம்சாரி யாருன்னா நம்ம இருளப்பன் பெரியப்பாதான். ஆனா அப்போ அவருக்கு இருபது வயசு. மீசை இப்பத்தான் முளைக்குது, பயம் இன்னும் முளைக்கல. பனைமரத்துல தேன்கூடு இருந்தா ஏறுவாரு. முரட்டுக் காளை இருந்தா கொம்பைப் பிடிப்பாரு. 'போகாத'ன்னு சொன்னா அங்கதான் மொத ஆளாப் போவாரு.

அப்போ ஒருநாள் உச்சிப்பொழுது. ஊருக்கு மேக்க ஒரு பாழுங்கெணறு. அதை வெட்டுனது பெரியப்பாவோட பூட்டன். வெட்டி முடிச்ச அன்னைக்கே அதுக்குள்ளயே விழுந்து செத்துப் போனாராம். அதுல இருந்து யாரும் அதுல தண்ணி எறைக்கிறதில்ல. அந்தக் கெணத்துக்குள்ள ஒரு வெள்ளாட்டுக்குட்டி விழுந்துருச்சு. 'ம்மே… ம்மே…'ன்னு அடியில இருந்து கத்துது. குட்டிக்குச் சொந்தக்காரப் பொண்ணு கெணத்துமேட்டுல குப்புறப் படுத்து எட்டிப் பாத்துக் கண்ணைக் கசக்குது. பெரியப்பா பாத்தாரு. வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு. பூவரச மரத்துல வடக்கயித்தைக் கட்டி, 'பிடிங்கடா'ன்னு மூணு ஆம்பளைக கையில குடுத்துட்டு இறங்கிட்டாரு.

சரக்… சரக்… சரக்…

– ம்.

உள்ள போகப் போக இருட்டு. வவ்வாலு படபடபடன்னு மூஞ்சியில அடிக்குது. கல்லுச் சந்துல காலை வச்சு, கையை வச்சு இறங்குதாரு. அடுத்த கல்லுல கை வைக்கப் போறாரு. அப்போ ஒரு குரல். வெத்தலையை அடக்கிக்கிட்டுப் பேசுற மாதிரி, கரகரன்னு, கெழட்டுக் குரல்.

"இருளப்பா… கையை எடு."

– அக்கா, அந்தக் குரல்ல பேசாத.

நானும் பேசக் கூடாதுதான். உச்சிப்பொழுதுல அந்தக் குரலை எடுக்கக் கூடாதுன்னு பெரியப்பா என்னைத் திட்டியிருக்காரு. ஆனா எனக்கு எந்தக் குரலைக் கேட்டாலும் நாக்கு அரிக்குதே, என்ன செய்ய! சரி, கேளு. கையை எடுத்தாரு. அவரு நிழலு விலகவும் அந்தக் கல்லு மேல வெயில் விழுந்துச்சு. உச்சி நேரத்துல மட்டுந்தான் அந்தக் கெணத்துக்குள்ள வெயில் விழும். பாத்தா, கல்லோட கல்லாச் சுருண்டு படுத்திருக்கு ஒரு நல்லபாம்பு. சரசரசரன்னு பொந்துக்குள்ள போயிருச்சு.

மேல நின்ன மூணு ஆம்பளைகளுக்கும் குரல் கேட்டுருச்சு. "எல… பூட்டன்டா! ஓடுங்கடா!" தொபதொபதொபன்னு ஓடிட்டானுக. கயித்தை விடாம ஒரே ஒரு ஆளு நின்னுச்சு. அந்த ஆட்டுக்காரப் பொண்ணு. உள்ளங்கை தோலு உரியுது, விடல. ஆட்டோட ஆளையும் மேல ஏத்திட்டா.

அந்தப் பொண்ணு யாரு?

– பெரியம்மா!

நம்ம வேலம்மா பெரியம்மாதான். அடுத்த தையில கல்யாணம்.

அப்புறம் பன்னெண்டு வருசம் ஓடிப் போச்சு. மூணு புள்ளைக. பெரியப்பா எங்க போனாலும் குடும்பத்தோடதான் போவாரு. சந்தைக்குப் போனாலும் வண்டி நெறயப் புள்ளைக, வரும்போது ஆளுக்கொரு கருப்பட்டி மிட்டாய். வெறகு வெட்டப் போனாலும் கழுத்துல ஒண்ணு உக்காந்திருக்கும். பயம் மட்டும் அப்பவும் முளைக்கல.

ஒருநாள் மத்தியானம். மாட்டு வண்டியில பருத்தி ஏத்தி, அது மேல பெரியம்மாவும் மூணு புள்ளைகளும். குறுக்க ஒரு பெரிய ஓடை. பொட்டுத் தண்ணி இல்ல. வெறும் மணலு. இங்க வானம் பளிச்சுன்னு இருக்கு, ஆனா மேக்க மலைப் பக்கம் கருகருன்னு கெடக்கு. பெரியம்மா சொன்னாங்க, "வேண்டாங்க, சுத்திப் போவோம்." பெரியப்பா சிரிச்சாரு. "ஒனக்கு மணலைப் பாத்தாலும் பயமா?" மறுபடி சொன்னாங்க. மறுபடி சிரிச்சாரு. மாட்டைத் தட்டுனாரு. மாடு மணல்ல காலை வைக்குது. அப்போ…

"இருளப்பா… வண்டியை நிறுத்து."

– ம்ம்…

முதுகுக்குப் பின்னால! காதோரமா! பெரியப்பா மூக்கணாங்கயித்தை இழுத்துப் பிடிச்சாரு. மாடு அப்படியே நின்னுச்சு. காத்து இல்ல. காக்கா இல்ல. ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் தூரத்துல, உரல்ல இடிக்கிற மாதிரி, திம்… திம்… திம்… வளைவைத் திரும்பி வருது பாரு தண்ணி! செந்தண்ணி! ஓ…ன்னு, ஒரு பனை உயரத்துக்கு! வேரோட ஒரு புளியமரம் அதுல உருண்டுக்கிட்டுப் போகுது.

பெரியப்பா திரும்பிப் பாத்தாரு. மூணு புள்ளைக தூங்குது. பெரியம்மா கடைசிப் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காங்க. "உனக்குக் கேட்டுச்சாட்டி?"ன்னாரு. "என்னத்தைங்க?"ன்னாங்க.

அன்னையில இருந்து அமாவாசைக்கு அமாவாசை பூட்டனுக்கு வெத்தலையும் சுருட்டும் வச்சுக் கும்பிட ஆரம்பிச்சிட்டாரு. கேக்குதியா நிவி?

– …ம்.

மூணாவது தடவை உனக்கே தெரியும். ரெண்டு வருசம் முன்னாடி. மக்காச்சோளம் ஆளுயரம் நிக்குது. தினம் காட்டுப்பன்னி வந்து வாரி மிதிச்சுட்டுப் போகுது. பெரியப்பாவுக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. வேலியைச் சுத்தி வெறுங்கம்பி இழுத்து, மோட்டார் ரூம்ல இருந்து கரண்டு குடுக்கப் போறேன்னாரு. பெரியம்மா 'வேண்டாங்க'ன்னாங்க. கேப்பாரா? உச்சி வெயில்ல தன்னந்தனியா கம்பியைக் கட்டி முடிச்சாரு. ரூமுக்குள்ள போனாரு. சுவிட்சுல கை வச்சாரு. வெளிய சோளத்தட்டை சலசலசலன்னு அசையுது. காத்தே இல்ல.

"இருளப்பா… வேண்டாம்டா."

வெடுக்குன்னு கையை எடுத்துட்டாராம். வெளிய ஓடி வந்து பாத்தாரு, ஒரு ஆளு இல்ல. சோளம் மட்டும் ஆடுது. அப்புறம் கம்பியைப் பூராப் பிடுங்கிச் சுருட்டிக்கிட்டு வரும்போது, வேலியோரம் ஒரு நாலு வயசுப் புள்ள, கம்பி ஓடுன எடத்துல உக்காந்து, கதிரை உரிச்சு பொம்மைக்குச் சடை பின்னிக்கிட்டு இருக்கு. யாரு தெரியுமா அது? நீதாண்டி.

ம்?

– ம்.

என்னட்டி, தொண்டை கட்டிருச்சா? சரி, இனிமேதான் உசிரே போற எடம். போன மாசம் பெரியப்பா படுத்துட்டாரு. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில பாத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. மறுநாள் மத்தியானம், இதே ரூமுல, இதே கட்டில்ல, பெரியம்மா மட்டும் பக்கத்துல. நாங்க எல்லாரும் வெளிய. அப்போ உள்ள இருந்து அதே குரல் கேட்டுச்சு. நானே கேட்டேன், என் காதால.

"இருளப்பா…"

அவ்வளவுதான். நாங்க உள்ள ஓடுனோம். பெரியப்பா போயிட்டாரு. ஆனா மொகத்துல… சிரிப்பு! வாய் நெறயச் சிரிப்பு! ஊர்ப் பெரியவங்க பாத்துட்டுப் பின்னால நகந்துட்டாங்க. "பூட்டன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான்யா." தாடையைச் சேத்து நாடிக்கட்டுத் துணி இறுக்கிக் கட்டியும் அந்தச் சிரிப்பு போகல. அப்படியே சிரிச்சுக்கிட்டேதான் சுடுகாட்டுக்குப் போனாரு. சாகுறப்போ என்னத்தைப் பாத்துச் சிரிச்சாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

– ம்.

இதுதாண்டி நான் சொன்ன சிரிப்பு. பயந்துட்டியா? இப்போ அந்தக் குரல்ல உன்னைக் கூப்பிடுதேன் பாரு, நீ அலறணும், அப்புறம் நான் சிரிப்பேன்… ஏ நிவி? நிவி! வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குது. எச்சியில தலகாணி பூரா நனைஞ்சு கெடக்கு. எப்பத் தூங்குன நீ?

– ம்.

இல்ல… இவ வாயே அசையலையே. நிவி, வெளையாடாத. இவ குறட்டை விடுதா. அப்போ… அப்போ ம் கொட்டுனது யாரு?

– "கௌசி… கதையை நிறுத்தாத."

ஐயோ! அம்மா! அதே குரல்! அம்மா, இங்க வாங்க! பெரியம்மா, எந்திரிங்க, பூட்டன் வந்துட்டாரு! பெரியம்மா, ஏன் இப்படிக் குலுங்குறீங்க? அழாதீங்க பெரியம்மா, போர்வையை எடுங்க, போர்வையை… நீங்க அழலையே! சிரிக்கிறீங்க!

– "கத்தாதடி. சின்னவ முழிச்சிரப் போறா. எனக்கும் நாக்கு அரிக்கும் கௌசி. நீ மட்டும் என்ன!"

நீங்களா? இப்ப ம் கொட்டுனது நீங்களா? அப்போ… வண்டியில முதுகுக்குப் பின்னால உக்காந்திருந்தது நீங்க. கெணத்துமேட்டுல குப்புறப் படுத்திருந்ததும் நீங்க. சோளக்காட்டுல… பெரியம்மா!

– "பின்ன என்ன செய்ய? மூணு ஆம்பளைக நிக்கிற எடத்துல கல்யாணமாகாதவ வேத்து ஆம்பளையப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? கட்டுனதுக்கு அப்புறம் புருசன் பேரைச் சொல்லலாமா? என் குரல்ல 'வேண்டாங்க'ன்னு சொன்னா அந்த மனுசன் சிரிப்பாரு. கெழவன் குரல்ல சொன்னா அடங்குவாரு. இருபத்தாறு வருசம் பூட்டனுக்குன்னு படைச்ச வெத்தலையைப் போட்டது பூரா நான்தான்."

அவருக்குத் தெரியவே தெரியாதா?

– "கடைசியா மூச்சு இழுத்துச்சு. கண்ணு சொருகிருச்சு. என் குரலு அவரை நிறுத்தாதேன்னு அந்தக் குரலை எடுத்தேன். ஆனா அன்னைக்குப் பின்னால ஒளிஞ்சுக்க எடமில்ல. மொகத்துக்கு நேரா குனிஞ்சு, 'இருளப்பா'ன்னேன். கண்ணைத் தொறந்தாரு. என் வாயையே பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம், 'அடிப்பாவி…'ன்னாரு."

அப்போ அந்தச் சிரிப்பு…

– "ம். அதோட போயிட்டாரு. ஊரு பூரா அழுதுக்கிட்டு வருது. வாயைத் தொறந்தா நான் சிரிச்சிருவேனே கௌசி! புருசனைப் பறிகுடுத்தவ சிரிச்சா ஊரு என்ன சொல்லும்? அதான் பதினாறு நாளா மூடிக்கிட்டுக் கெடந்தேன். போ, போய் மிச்சப் பாயாசம் இருந்தா ஒரு டம்ளர் எடுத்துட்டு வா. குடிச்சுட்டு நானும் படுக்கேன், நீயும் படு. கதை கரையேறிருச்சு, கண்ணை மூடித் தூங்கு."