சின்ன மரக்கால்

"அரைக்கூலி கொடுக்கிறவங்களுக்கு அரை வேலை செஞ்சாப் போதாதா, சாமி?"

வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டார் வெள்ளைக்கண்ணு. தலைத்துண்டில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

கூழ்ச்சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கண்மாய்க் கரையில் குடிசை போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கூழ் ஊற்றுகிற சாமி அவர். குருவுக்கு முப்பது வயது, சீடருக்கு ஐம்பது. மகன் வயசுக்காரன் காலில் விழுகிறான் பார் என்று ஊரே கேலி பேசும். வெள்ளைக்கண்ணு அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

"போதும்ணே," என்றார் சாமி.

வெள்ளைக்கண்ணுக்குச் சப்பென்று போய்விட்டது. வாதாடலாம் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

"நல்லாக் கேளுங்க சாமி. நான் மடைக்காரன். வெள்ளம் வந்தா கண்மாய்க்குள்ள முங்கி, அடியில கிடக்கிற மடைக்கல்லை நெம்பித் தண்ணியை வெளியேத்தணும். எங்கப்பன் அதுலதான் செத்தாரு. பஞ்சம் வந்த வருசம், பெரிய மரக்காலை உள்ள வச்சுட்டு, சின்ன மரக்கால்ல கூலி நெல்லு அளந்தாங்க. பஞ்சம் போயிருச்சு. சின்ன மரக்கால் போகலை. கேட்டா, அடுத்த அறுப்புக்குப் பார்ப்போம்ங்கிறாரு அம்பலக்காரரு."

"அநியாயம்தான்."

"அதான், இந்த வெள்ளத்துக்கு முங்கப் போறதில்லை. அப்பத்தான் அவங்களுக்கு உறைக்கும்."

"முங்க வேண்டாம்."

சாமி மறுபடி அடுப்பை ஊதினார்.

அப்போதுதான் தமுக்குச் சத்தம் கேட்டது.

"கரை கசியுது! கரை கசியுது!"

ஊரே கரைமேல் ஏறி ஓடிவந்தது. மண்மூட்டை, வைக்கோல்பிரி, பனையோலை, கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து கசிவில் திணித்தார்கள். திணிக்கத் திணிக்கத் தண்ணீர் பக்கத்தில் புறப்பட்டது. கரைக்குக் கீழே, பள்ளத்தில், அத்தனை வீடுகளும் இருந்தன. பெண்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மேடு தேடினார்கள்.

ஊர்த்தலைவர் அம்பலக்காரர் வேட்டி அவிழ ஓடிவந்தார்.

"ஏய் வெள்ளைக்கண்ணு! இங்கயா உக்காந்திருக்கே? முங்குப்பா, மடையைத் திற!"

"சின்ன மரக்காலைக் கூப்பிடுங்க. அது முங்கட்டும்."

"இதெல்லாம் பேசுற நேரமாய்யா இது?"

"பேசுற நேரத்துல நீங்க பேசலையே!"

சொன்ன வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. கண் மட்டும் தண்ணீருக்குள் நின்ற மடைத்தூண்கள் பக்கமே போனது.

கூழ்ச்சாமி எழுந்தார். மேல்துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கினார்.

"சாமி! எங்க போறீங்க?"

"மடை திறக்க."

"உங்களுக்கு நீச்சலே தெரியாதே!"

"உள்ள போய்ப் பார்த்துக்கிறேன்."

வெள்ளைக்கண்ணு கரையோரம் ஓடினார்.

"நேராப் போகாதீங்க சாமி! இழுத்துரும்! தெக்குத் தூணைப் பிடிங்க!"

சாமி தெற்குத் தூண் பக்கம் திரும்பினார். தண்ணீர் மார்புக்கு வந்தது.

"காலைத் தூணுல உதைச்சு நில்லுங்க! கல்லு லேசா அசைஞ்சதும் கையை வெடுக்குனு எடுத்துரணும்! எங்கப்பன் எடுக்கலை, சாமி! எடுக்கலை!"

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. சாமி நின்று திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்டக் கூலி பேசாமலே சொல்றீங்களேண்ணே?"

வெள்ளைக்கண்ணு பாய்ந்தார். ஒரு கையால் சாமியின் குடுமியைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு, அதே மூச்சில் முங்கினார்.

 கரையில் தமுக்கடித்தவன் குச்சியைக் கீழே விட்டுவிட்டான். மூச்சுப் பிடித்து நின்றவர்களுக்கே மூச்சு முட்டியது. உள்ளே போனவர் வரவில்லை.

தூணுக்குப் பக்கத்தில் தண்ணீர் சுழித்தது.

கரைக்கு அந்தப்புறம், வாய்க்காலில், தண்ணீர் ஓவென்று இரைந்துகொண்டு வெளியே பாய்ந்தது.

"திறந்துருச்சு! மடை திறந்துருச்சு!"

வெள்ளைக்கண்ணு மேலே வந்தார். விரல் நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார், அழவும் செய்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

கண்மாய் மெல்ல இறங்கியது. கசிவு அடங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஐயனார் கோயிலுக்கு ஓடி, சிலையின் கழுத்து மாலையையே கழற்றி எடுத்துவந்தார்கள். அம்பலக்காரர் அதை வாங்கி வெள்ளைக்கண்ணு கழுத்தில் போட்டார்.

"பார்த்துக்கங்கய்யா! கூலியை நினைக்காமக் குதிச்சான். மனுசன்னா இவன் மனுசன்! இவனுக்கு நெல்லு எதுக்கு? புண்ணியமே கோட்டை கோட்டையா வந்து சேரும்!"

குலவை இன்னும் ஓங்கியது.

கூழ்ச்சாமி வேட்டியைப் பிழிந்துகொண்டே பக்கத்தில் வந்தார்.

"அரைக்கூலிக்கு அரை வேலை போதாதான்னு கேட்டீங்களேண்ணே. இப்பச் சரியான பதில் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சாமி."

வெள்ளைக்கண்ணு மாலையைக் கழற்றினார். மடித்து, அம்பலக்காரர் கையில் மரியாதையாக வைத்தார்.

"மாலை ஐயனாருக்கே இருக்கட்டும் அம்பலக்காரரே. ஊரு மொத்தமும் இங்கதான் நிக்குது. உள்ள வச்சிருக்கிற பெரிய மரக்காலை எடுத்தாரச் சொல்லுங்க."

குலவை பட்டென்று நின்றது. அம்பலக்காரர் ஊரைப் பார்த்தார். ஊர் தரையைப் பார்த்தது.

கூழ்ச்சாமி வாயருகே கையை வைத்தார். தன்னந்தனியாகக் குலவையிட ஆரம்பித்தார்.