முகம் மூடும் முன்

அந்தக் காலத்தில் காகங்களுக்குப் பேச்சு இருந்தது. மனிதர்களுக்கும் இருந்தது; அவர்கள் அதைப் பெரும்பாலும் சண்டைக்கென்றே வைத்திருந்தார்கள்.

அப்போது மனிதர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். விதைக்க நாள் பார்த்தார்கள், மகனுக்குப் பெண் பார்த்தார்கள், நாடி பிடித்து நோய் பார்த்தார்கள், ஊருக்குப் போனவர்களின் மாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். இறந்தவரின் முகத்தை மட்டும் பார்க்க நிற்கமாட்டார்கள். உடலைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியதும் வெள்ளைத் துணியால் தலை வரை மூடிவிடுவார்கள். மூடிய துணியைத் திறந்தால் ஊருக்கு ஆகாது என்பது விதி. யார் வகுத்த விதி என்று ஒருவரும் கேட்டதில்லை.

தும்பைக்காடு என்ற ஊரில் காத்தாயி அக்காள், நல்லம்மை தங்கை. ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி வீடு, அந்தப் பக்கம் ஒருத்தி வீடு. நடுவே ஓர் ஓலைப் படல். அதைத் தள்ளிக்கொண்டு குழம்புக் கிண்ணங்கள் அங்குமிங்கும் போய்வரும். ஒருநாள், காத்தாயி விதைக்கென்று விட்டுவைத்திருந்த பீர்க்கங்காய் தன் பக்கம் தொங்கியதைக் கண்ட நல்லம்மை, அதைப் பறித்துத் துவையல் அரைத்துவிட்டாள். ஒரு பகைக்கு இது போதுமா என்று கேட்கலாம். உடன்பிறந்தவர்களுக்கு இதில் பாதியே போதும்.

"செத்தாலும் உன் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள் காத்தாயி.

"முழிக்காதே. யாரு கேட்டா?" என்று வெடுக்கெனத் திரும்பிக்கொண்டாள் நல்லம்மை.

படலைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். மழைக்காலம் வந்து போனது. நல்லம்மை நோயில் விழுந்தாள். வேலிமேல் உட்கார்ந்திருந்த காகம் காத்தாயியிடம் செய்தி சொன்னது.

"உன் தங்கச்சி படுத்துக்கிடக்கா."

"சோம்பேறி படுக்காம என்ன செய்வா? உனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. உன் கருவாடு காயுதே, அதுக்குத்தான் வந்தேன். வந்த இடத்துல கண்ணுல பட்டுச்சு. கட்டிலை வேலிப் பக்கமாத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கா. நாள் பூரா இந்தப் படலையே பார்த்துக்கிட்டிருக்கா."

காத்தாயி கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். "பார்க்கட்டும். வாய் இருக்குல்ல? கூப்பிடட்டும்."

காகம் அந்தப் பக்கம் பறந்து போய்ச் சொன்னது. நல்லம்மைக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் கூப்பிட்டா, படுத்ததும் பணிஞ்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவா. அவதானே அக்கா? வரட்டும்."

மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டில் அழுகுரல் எழுந்தது.

காத்தாயி ஓடிப்போய்ப் படலின் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பகைத்த வீட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழைவது அந்த ஊரில் மானக்கேடு. துக்க வீட்டிலோ யாரையும் 'வா' என்று சொல்லக்கூடாது. சொன்னால் துக்கத்தையே மறுபடி வரச் சொன்னதாகும். இரண்டும் குற்றமில்லாத வழக்கங்கள்தான், தனித்தனியாக இருக்கும்வரை.

"உள்ளே போ" என்றது காகம்.

"நான் நிக்கிறது அவங்களுக்குத் தெரியாமலா இருக்கு? ஒரு வார்த்தை சொல்லட்டும்."

காகம் நல்லம்மையின் கணவன் சங்கனிடம் பறந்தது. அவன் அழுது சிவந்த கண்ணோடு நிமிர்ந்தான்.

"மதினி நிக்கிறது தெரியுது. எழவு வீட்டுல வான்னு எப்படிச் சொல்றது? நேரே வர வேண்டியதுதானே?"

காகம் திரும்பியது. "வான்னு சொல்லக்கூடாதாம்."

"அது எனக்கும் தெரியும். ஒரு தலையசைப்புமா கூடாது?"

காகம் மறுபடி போனபோது உடலைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். "மூடாதீங்க, வேலிகிட்ட ஒருத்தி நிக்கிறா" என்று அது பாடைக் கம்பில் உட்கார்ந்து கத்தியது. பாடையில் காக்கை உட்காரலாமா என்று யாரோ துண்டை வீசி விரட்டினார்கள். துணி கழுத்தைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி ஏறியது.

அதைப் பார்த்த பிறகுதான் காத்தாயி நுழைந்தாள். யாரும் வா என்று சொல்லவில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. அவளைத் தடுக்க அங்கே எவருமே இருந்ததில்லை.

"மொகத்தைக் காட்டுங்க."

"மூடியாச்சு தாயி" என்றார் ஊர்ப் பெரியவர்.

"ஒரே ஒரு தடவை."

"திறந்தா ஊருக்கு ஆகாது."

சங்கன் துணியின் ஓரத்தைப் பிடித்தான். பெரியவரைப் பார்த்தான். விட்டுவிட்டான்.

பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். காத்தாயி நின்றாள். பாடை போனது.

அவளிடம் மிஞ்சியது சண்டையன்று வெடுக்கெனத் திரும்பிய அந்த முகம்தான். கண்ணை மூடினால் அதுவே வந்தது. கண்ணைத் திறந்தாலும் போகவில்லை. ஒருநாள் காகத்திடம் கேட்டாள்.

"கடைசியா எப்படி இருந்தா? நீ பார்த்தியே, சொல்லு."

"கன்னம் ஒட்டியிருந்துச்சு. உதடு வெடிச்சிருந்துச்சு. கண்ணு…" காகம் நிறுத்தியது.

"கண்ணு?"

"இந்தப் பக்கம் பார்த்துச்சு."

"அது எப்படி இருந்துச்சு?"

காகம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தது. எதைச் சொன்னாலும் அது நல்லம்மையின் முகமாகவில்லை. காத்தாயி கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிச் சொல்லித் தோற்ற காகம் அன்றோடு மனிதர்களிடம் பேசுவதை விட்டுவிட்டது.

அந்த ஊரில் அடுத்த சாவு விழுந்தபோது, காத்தாயி நேராகப் போய்ப் பாடையின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். துணியை இழுத்தவனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பார்க்க வேண்டியவங்க பார்த்துக்கங்க" என்று பொதுவாகக் குரல் கொடுத்தாள். கூட்டம் முணுமுணுத்தது. ஊர்ப் பெரியவர் வாயைத் திறந்தார். அதற்குள் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஒருவன் தலைகுனிந்து வந்தான். இறந்தவனின் தம்பி, இருவருக்கும் நெடுநாளாகப் பேச்சில்லை. அவன் அண்ணன் முகத்தைப் பார்த்து முடிக்கும்வரை காத்தாயி அந்த மணிக்கட்டை விடவில்லை. பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அன்று முதல்தான் முகத்தை மூடுவதற்கு முன் அந்தக் குரல் கொடுக்கப்படுகிறது. அதில் யார் பெயரும் இராது, 'வா' என்ற சொல்லும் இராது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசியாக வருகிறவர் யாரென்று எவரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.