வண்டிக்கு ரெண்டு பேரு

மூங்கில்பட்டு ஆளுங்க சொன்ன சொல்லைத் தட்டமாட்டாங்க. அதனாலயே விவரம் தெரிஞ்சவங்க அந்த ஊர்க்காரங்ககிட்ட எதுவும் சொல்றதில்ல.

டிராபிக் போலீஸ்காரர் வெளியூரு. பால்காரன் தணிகாசலம் தன் மச்சான் பிச்சாண்டியையும் பங்காளி வரதனையும் பின்னால ஏத்திக்கிட்டு பைக்ல போனப்ப மடக்கிட்டார். "வண்டிக்கு ரெண்டு பேருடா! மண்டையில ஏத்திக்க!" ஆறு மாசத்துக்கு லைசென்ஸ் ரத்துன்னு ஆச்சு.

மண்டையில ஏத்திக்கிட்டாங்க.

"மாமா, அப்ப ஒருத்தர் போலாமா?"ன்னு பிச்சாண்டி கேட்டான்.

"ஒருத்தர்னு அவர் வாயால சொல்லலியே"ன்னான் வரதன்.

அன்னையிலேர்ந்து தணிகாசலம் பால் ஊத்தக் கிளம்பினா, பின்னால பிச்சாண்டி உக்காந்திருப்பான், கேனை மடியில வெச்சுக்கிட்டு.

லைசென்ஸ் போனா பால் வியாபாரம் போச்சு. தணிகாசலம் அப்பீல் போட்டான். முடியிற வரைக்கும் ஓட்டிக்கன்னு கோர்ட்டும் விட்டுது. வக்கீல் வெக்கல. வெச்சா நாலு பேராயிடுமே!

மூணு பேரும் சேந்து ஆஜராகணும்னு நோட்டீஸ் வந்துது. கோர்ட் பன்னெண்டு கிலோமீட்டர்.

காலையில பிச்சாண்டியைக் கொண்டுபோய் கோர்ட் வாசல்ல இறக்கினான். வரதனைக் கூட்டியார வண்டியைத் திருப்பினவன் திகைச்சு நின்னான்.

"ஒத்தையா எப்படிப் போறது? ஏறு மச்சான்."

ஊருக்கு வந்து பிச்சாண்டியை விட்டுட்டு வரதனை ஏத்தினான். கோர்ட் வாசல் வந்துது. வரதன் இறங்கினான்.

"எங்கடா இறங்குற? மச்சானை யாரு கூட்டியாரது? ஏறு."

இப்படியே நாலு நடை. வழியில பெட்ரோல் பங்க்காரர் எழுந்து கும்பிடவே ஆரம்பிச்சுட்டார்.

"அண்ணே, நாம ரெண்டு பேரு மட்டும் உள்ள போயிடலாமா?"ன்னான் வரதன்.

"மூணு பேருன்னு எழுதியிருக்கு. ரெண்டு பேராப் போனா அது தனி கேஸு."

"அப்ப நான் இங்கயே நிக்கிறேன். நீ போய்ட்டு வா."

"ஒத்தையாவா? லைசென்ஸைக் காப்பாத்த வந்தியா, தொலைக்க வந்தியா?"

வரதன் வெக்கப்பட்டுக்கிட்டு ஏறி உக்காந்தான்.

அஞ்சாவது நடை, பிச்சாண்டியோட வந்து சேந்தப்ப மதியம் ஆயிடுச்சு. வாசல்ல கோர்ட் கிளார்க் நின்னார்.

"தணிகாசலம் நீதானா? மூணு தடவை கூப்பிட்டாச்சு. நடத்த ஆள் வரலைன்னு அப்பீலைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. லைசென்ஸை எடு."

தணிகாசலம் அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டினான்.

"ஆள் வரலியா? அஞ்சு தடவை வந்தேன் சார்!"ன்னு ஆரம்பத்துலேர்ந்து ஒண்ணு விடாம சொன்னான்.

கிளார்க் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டார். "ஏம்பா, மூணு பேரும் ஒண்ணா பஸ்ல வந்திருக்கலாமே?"

தணிகாசலம் அவரைப் பரிதாபமாப் பாத்தான். கோர்ட் உத்தியோகத்துல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலியே!

"பஸ்ல அறுபது பேரை ஏத்துறான் சார். நாளைக்கு அவன் மாட்டினா, அப்பீலுக்கு அந்த அறுபது பேரையும் எந்த பைக்ல கொண்டாந்து சேப்பான்?"