திறந்தேன் என்றொரு சாட்சி

“கர்த்தர் என்னை மட்டும் ஏன் வெளியே கொண்டுவந்தார், ஆயரம்மா?” என்று ஞானசிகாமணி கேட்டார்.

கேட்ட தோரணையில் கேள்வியைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

ஆயரம்மா என்றால் தெற்கத்திச் சபைகளில் ஆயரின் மனைவி. இந்த ஆயரம்மா பெர்சியாள் யாருக்கும் மனைவி அல்ல, ஆயரே அவர்தான். அந்தப் பனியன் நகரத்துச் சபைக்கு மாற்றலாகி வந்த முதல் ஞாயிறு, ஐயா எப்போது வருவார் என்று அவரிடமே வந்து விசாரித்தார்கள். வந்தாயிற்று என்றார். ஞானசிகாமணிக்கு அவரைவிட இருபது வயதாவது கூட இருக்கும். ஆனாலும் பிரசங்கம் பழக வேண்டும் என்று புதன்கிழமை சாயங்காலம் ஆயர் குடியிருக்கிற குருமனைக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு பெண்ணிடம், அதுவும் சின்ன வயதுக்காரியிடம் படிக்கிறோமே என்ற வெட்கம் அவருக்கு இருந்ததில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

ஒரு பனியன் கம்பெனியில் அவர் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். போன மாதம் அங்கே தீப்பிடித்தது. அவர் பிரிவில் அயர்ன் போடுகிற முத்துப்பேச்சி என்ற பெண் புகையில் மூச்சுமுட்டி இறந்துபோனாள். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறே ஞானசிகாமணி சபையில் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்பும் நின்று சொல்வதற்குச் சபையில் அதுதான் பேர். டீ நேரத்தில், வெளியே போ என்று ஒரு மெல்லிய சத்தம் அவர் உள்ளத்தில் பேசியதாம். கீழ்ப்படிந்து வெளியே வந்தாராம். கொஞ்ச நேரத்தில் உள்ளே புகை. ஓடினேன், கதவைத் திறந்தேன், என் தேவன் எனக்கு முன்பாகத் திறந்த வாசலை வைத்தார் என்று முடித்தார்.

சபை அல்லேலூயா என்றது. சிலர் அழுதார்கள். முத்துப்பேச்சியின் பேரை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவள் இந்தச் சபை இல்லையே.

அன்றைக்கு ஆயரம்மா வேறொரு சபையில் ஆராதனை நடத்தப் போயிருந்தார். சபைச் செயலாளருக்கு அந்தச் சாட்சி ரொம்பவும் பிடித்துவிட்டது. ஸ்தோத்திரப் பண்டிகையில் மறுபடி சொல்ல வைத்து, வீடியோ எடுத்து யூடியூபில் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதைச் சொல்லத்தான் ஞானசிகாமணி வந்திருந்தார். சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அந்தச் சாட்சியை எங்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க அண்ணே” என்றார் ஆயரம்மா.

அவர் கையை விரித்து, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். நன்றாகவே பழகியிருந்தார்.

“கதவைத் திறந்தேன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“சாத்தியிருந்துச்சா?”

“ஆமா, சாத்தித்தான் இருந்துச்சு.”

“சாத்தின கதவுன்னா உள்ளே இருக்கிறவங்களே தள்ளிக்கிட்டு வந்திருப்பாங்களே.”

“பூட்டியிருந்துச்சு” என்றார் ஞானசிகாமணி.

“பூட்டினது யாரு?”

கம்பெனி வழக்கம் என்றார் அவர். டீ நேரத்தில் பெண்களை வெளியே விட்டால் சொன்ன நேரத்துக்குத் திரும்புவதில்லை என்று முதலாளிக்குக் குறை. அதனால் டீயை உள்ளேயே வரவழைத்துக் கொடுத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் மட்டும் வெளியே போவார், போகும்போது பூட்டிக்கொண்டு போவார். எத்தனையோ வருஷமாக இப்படித்தான் நடக்கிறது, இதில் தனக்கென்று ஒன்றுமில்லை, சொன்னதைச் செய்கிறவன் நான் என்றார்.

“இதைச் சாட்சியில ஏன் சொல்லலை?”

“சாட்சின்னா கர்த்தருடைய நாமம் மகிமைப்படணும், ஆயரம்மா. அதுல போயி பூட்டு, சாவின்னு பேசிக்கிட்டிருக்க முடியுமா?”

ஆயரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவர் குரல் உயரவில்லை. ஆட்களைப் பூட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், வாசலைத் திறந்த தேவனைத் துதிக்கிறார். அதற்கு ஒரு சபையே அல்லேலூயா சொல்லியிருக்கிறது. கோபப்படாமல் என்ன செய்வது?

கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்டார். ஞானசிகாமணி இழுத்து இழுத்துச் சொன்னார். முத்துப்பேச்சி அயர்ன் பாக்ஸை அணைக்காமல் விட்டதால்தான் தீப்பிடித்தது, கதவு திறந்துதான் இருந்தது, அவள்தான் பதற்றத்தில் பின்பக்கம் ஓடிவிட்டாள் என்று கம்பெனி சொல்கிறது. திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில் விசாரணை. அங்கே அவரும் அப்படியே சொல்ல வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது உள்ளே இருந்த எல்லாருக்கும் தெரியும். வயிற்றுப் பிழைப்பாயிற்றே, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“நீங்க மேனேஜர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலை. சும்மா இருந்துட்டேன்.”

“அயர்ன் பாக்ஸை அவ அணைக்கலையா?”

“அணைச்சாச்சே. நான்தானே ஒவ்வொரு பிளக்கா பிடுங்கிப் போட்டுட்டுப் பூட்டினேன். அந்த சுவிட்ச் போர்டுதான் ஒரு வாரமா கருகின வாடை அடிச்சுக்கிட்டிருந்துச்சு. மேனேஜருக்கும் தெரியும்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

ஆயரம்மா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “வாங்க” என்றார்.

“எங்கே?”

“சாட்சி சொல்ல.”

முத்துப்பேச்சியின் அக்கா சண்முகத்தாய் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். அவளும் வேறொரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவள்தான். முத்துப்பேச்சியின் மகள் கோமதி இப்போது இந்தப் பெரியம்மாவோடு இருந்தாள், அவளுக்கு அப்பாவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்தாள். உங்க அம்மாதானே கம்பெனியைக் கொளுத்தினது என்று வகுப்பில் கேட்கிறார்களாம்.

வாசலில் ஆயரம்மாவின் அங்கியைப் பார்த்துச் சண்முகத்தாய் கொஞ்சம் தயங்கினாள். பின்னால் நிற்பவரைக் கண்டதும் சூப்பர்வைசர் அண்ணனா, வாங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓடிவந்து கதவைத் திறந்தவர் என்று அவர் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது. அந்த மரியாதையைப் பார்க்க ஆயரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சுவரில் முத்துப்பேச்சியின் படம். கம்பெனி அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டுகிற கம்பெனிப் பட்டை தெரிந்தது.

“அண்ணன் ஒரு சாட்சி சொல்ல வந்திருக்காரும்மா. கேளு” என்றார் ஆயரம்மா.

ஞானசிகாமணி பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. டீ நேரத்தில் ஒரு மெல்லிய சத்தம் தன்னை வெளியே போகச் சொன்னது என்பது வரைக்கும் எப்படியோ வந்துவிட்டார்.

சண்முகத்தாய் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. மனதில் பட்டதைத்தான் கேட்டாள்.

“அந்தச் சத்தம் எங்க பேச்சிகிட்டயும் சொல்லியிருக்கலாமே, அண்ணே.”

ஞானசிகாமணி ஆயரம்மாவைப் பார்த்தார். ஆயரம்மா அவரைப் பார்க்கவில்லை.

சண்முகத்தாயே கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “சொல்லியிருந்தாலும் அவ எப்படி வந்திருப்பா. கதவுதான் பூட்டியிருந்துச்சே, கூட வேலை செஞ்சவங்க எங்கிட்ட காதோட சொன்னாங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சத்தமெல்லாம் ஒண்ணும் கேட்கலைம்மா. டீ குடிக்கப் போனேன். நான்தான் பூட்டிட்டுப் போனேன்.”

அப்புறம் மிச்சத்தையும் சொன்னார். பிளக்கைப் பிடுங்கிப் போட்டது, கருகின வாடை, மேனேஜர் கூப்பிட்டுப் பேசியது. டீக்கடைக்காரன் புகையைக் காட்டிய பிறகும், கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஓடினேன் என்றார். முத்துப்பேச்சி முகம் கழுவ உள்ளேயே பின்பக்கம் போயிருந்தாள், கதவு திறந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது என்றார். சண்முகத்தாய் அழவில்லை. அவர் மேல் வைத்திருந்த மரியாதை மட்டும் முகத்திலிருந்து போய்விட்டது. உள்ளே போய்க் கோமதியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

“அந்த அயர்ன் பாக்ஸ் விஷயத்தை இவகிட்ட சொல்லுங்க.”

“உங்க அம்மா எல்லாத்தையும் ஒழுங்கா அணைச்சிருந்தாங்கம்மா. தீ அவங்களால பிடிக்கலை” என்றார் ஞானசிகாமணி.

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எங்க ஸ்கூல்ல வந்து சொல்வீங்களா?” என்று கேட்டாள்.

“ஸ்கூல்ல வேண்டாம். திங்கக்கிழமை அந்த ஆபீஸ்ல சொல்லட்டும்” என்றாள் சண்முகத்தாய்.

இருவரும் திரும்பினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போன பிறகும் வண்டியை எடுக்க ஆயரம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

மறுநாள் செயலாளரைக் கூப்பிட்டு, பண்டிகையில் அந்தச் சாட்சி கிடையாது என்று ஆயரம்மா சொல்லிவிட்டார். செயலாளர் விடவில்லை. இப்படிப்பட்ட சாட்சிகளால்தான் சபை எழும்பும், போஸ்டர்கூட அடித்தாயிற்று என்று வாதாடினார். “சபை எழும்பட்டும். முத்துப்பேச்சி எழும்புவாளா?” என்று கேட்டார் ஆயரம்மா. செயலாளர் போய், ஆயரம்மாவுக்கு விசுவாசம் குறைவு என்று நாலு வீட்டில் சொல்லிவைத்தார்.

திங்கட்கிழமை ஆய்வாளர் ஆபீஸ் வராந்தாவில் கூட்டம் அதிகமில்லை. ஒரு பெஞ்சில் சண்முகத்தாயும் கோமதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஞானசிகாமணியும் ஆயரம்மாவும். எதிர்ப் பெஞ்சில் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். எந்தப் பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த மேனேஜருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து வந்து ஞானசிகாமணியின் தோளில் கை வைத்தார். குனிந்து, ரொம்ப அன்பாகப் பேசினார்.

“பார்த்துப் பேசுங்க, சிகாமணி. முதலாளி பூட்டச் சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது. பூட்டின கை உங்க கை.”

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். ஆயரம்மாவுக்கு நெஞ்சு கொதித்தது. கொல்வதற்கு வழி சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு கீறல் கிடையாது. சாவியைத் திருப்பியவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுகிறார்கள்.

உள்ளேயிருந்து ப்யூன் எட்டிப் பார்த்தான். “சாட்சி சொல்ல வந்தது யாருங்க?”

ஞானசிகாமணி எழுந்தார். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். திரும்பி ஆயரம்மாவிடம் வந்தார்.

“உள்ளதைச் சொன்னா முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்க.”

“பிடிப்பாங்க” என்றார் ஆயரம்மா. “முதலாளியையும் பிடிங்கன்னு நான் வாசல்ல நின்னு கத்துவேன். ஆனா முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்க.”

“வேலையும் போயிடும்.”

“போகும்.”

சண்முகத்தாயின் காதில் விழாதபடி அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை அவர் குரலில் பெருமை துளியும் இல்லை.

“அப்போ கர்த்தர் என்னை வெளியே கொண்டுவந்தது இதுக்குத்தானா, ஆயரம்மா?”

“அவர் எங்கே அண்ணே உங்களை வெளியே கொண்டுவந்தார்? டீ குடிக்க நீங்களா வந்தீங்க. அவர் வெளியே வரவே இல்லை. நீங்க பூட்டினப்போ அவரும் உள்ளேதான் இருந்தார்.”